நடக்கும் பிணங்களைப் பார்த்துச் சிரிக்கலாமா?

பேய்ப் படம் என்றால் எமது பகுதிப் பெண்களுக்குத் தனி விருப்பம். வெளியிலிருந்து வருபவர்கள் இதை இலகுவில் நம்புவதில்லை. இவ்வளவு இழப்புகளைக் கண்ட பெண்கள், மீண்டும் இரத்தத்தையும் பிணத்தையும் காட்டும் படங்களை ஏன் தேடிப் பார்க்கிறார்கள் என்று பயிற்சிப் பட்டறைகளுக்கு வரும் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். படம் பார்ப்பது மனதைக் குழப்பும், நல்ல குடும்பப் படங்களைப் போடுங்கள் என்று ஆலோசனை சொன்னவர்களும் உண்டு. குடும்பப் படங்கள்தான் எங்களைக் கூடுதலாக அழ வைத்தன என்பதை அவர்களுக்கு எப்படி விளக்குவது?

பனிச்சங்கேணி, களப்புக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஊர். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் பாதையில் வாகரைக்கு முன்னால் வரும். மின்சாரம் இல்லாத காலத்தில் இங்கு படம் பார்ப்பது என்றால் டெக் போடுவதுதான். தொலைக்காட்சிப் பெட்டி, டெக், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்து வந்து, முற்றத்தில் பாய் விரித்து, விடியும் வரை மூன்று நான்கு படம் ஓடும். அதில் ஒன்றாவது பேய்ப் படமாக இருக்கும். பிறகு இறுவட்டு வந்தது. இப்போது பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் எல்லாம் வருகிறது. ஆனாலும் தனியே பார்க்கப் பயம் என்பதால், மாதாந்தச் சேமிப்புக் கூட்டம் முடிந்த பிறகு சங்கக் கட்டடத்தில் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, கடன் வாங்கிய புரொஜெக்டரில் சேர்ந்து பார்ப்பதை நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம்.

எத்தனை முறை போட்டாலும் சலிக்காத படம் 'காஞ்சனா'. ராகவா லோரன்ஸ் இயக்கி நடித்து 2011 ஜூலையில் வெளிவந்தது. பேய்க்குப் பயந்து தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு திரியும் ஒரு வளர்ந்த ஆம்பிளை. கோவை சரளா அவனுக்குத் தாய். அந்தத் தாயும் மருமகளும் பயந்து அடிக்கும் கூத்துக்கு எங்கள் மண்டபம் கூரை பறக்கச் சிரிக்கும். படத்தின் பின்பாதியில் பேயின் கதை வருகிறது. காஞ்சனா என்ற திருநங்கை ஒரு வைத்தியசாலை கட்டுவதற்காகக் காணி வாங்குகிறாள். அரசியல்வாதி ஒருவன் அந்தக் காணியைப் பறித்து, தட்டிக் கேட்ட அவளையும் அவளோடு இருந்தவர்களையும் கொன்று அதே காணியில் புதைக்கிறான். சரத்குமார் காஞ்சனாவாக நடித்திருந்தார். அந்த இடம் வந்ததும் எங்கள் பெண்களின் சிரிப்பு நின்றுவிடும். முதல் முறை பார்த்தபோது ஒரு பெரியம்மா உரத்த குரலில், "காணிப் பிரச்சினைதானா? அப்ப அவள் வரத்தான் வேணும்" என்றார். பேய் வந்தது சரியா பிழையா என்ற விவாதம் அத்தோடு முடிந்துவிட்டது.

அந்த வருடம் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2011 ஓகஸ்டில்தான் கிறீஸ் பூதம் என்ற கதை கிழக்கு மாகாணம் எங்கும் பரவியது. உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு வரும் மர்ம மனிதர்கள் பெண்களைத் தாக்குகிறார்கள் என்று தமிழ், முஸ்லிம் ஊர்களெல்லாம் பீதியில் கிடந்தன. பல இடங்களில் மக்களுக்கும் பொலிசாருக்கும் இடையே மோதல் ஏற்பட்டது. ஆண் துணை இல்லாத வீடுகளில் இருந்த நாங்கள் நான்கைந்து குடும்பமாக ஒரே வீட்டில் படுத்தோம். கதவுக்குக் குறுக்கே உலக்கையை வைத்தோம். அதைப் பூதம் என்று யாரும் உண்மையில் நம்பவில்லை. மனிதன் என்று நம்பியதால்தான் பயந்தோம். அந்த இரவுகளில் ஒரு வீட்டில் 'காஞ்சனா' இறுவட்டைப் போட்டுப் பார்த்தோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வெளியே வருவது யாரென்று தெரியவில்லை. படத்துக்குள் வருபவளுக்கு ஒரு பெயர் இருந்தது, அவளுக்கு என்ன வேண்டும் என்றும் தெரிந்தது. பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்க அது போதுமாக இருந்தது.

இப்படி இருந்த எங்களிடம் இளம் பிள்ளைகள் புதிய வகைப் படமொன்றைக் கொண்டுவந்தார்கள். ஸோம்பிப் படம். பெயரைக் கேட்டதும் அதே பெரியம்மா, "சோம்பியா? சோம்பேறிப் பேயோ?" என்று கேட்டார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பார்க்கப்போனால் அவர் சொன்னதில் பெரிய தவறில்லை. காலை இழுத்து இழுத்து, கையை நீட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் வரும் பிணம் அது. கடிக்கும். கடிபட்டவரும் அப்படியே ஆகிவிடுவார். பேசாது, யாரையும் அடையாளம் காணாது.

இது எங்கிருந்து வந்த பிராணி என்று தேடியபோது எனக்குக் கிடைத்த கதை படத்தைவிடக் கனமானது. கரீபியன் பகுதியில் உள்ள ஹெயிட்டி பிரெஞ்சுக்காரரிடம் இருந்த காலத்தில், ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்கள் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வேலை செய்தார்கள். சாவு ஒன்றே அவர்களுக்கு விடுதலையாகத் தெரிந்தது. ஆனால் செத்த பிறகும் ஒரு மந்திரவாதி உடம்பை எழுப்பித் தோட்டத்திலேயே வேலை வாங்கினால்? அந்தப் பயத்தின் பெயர்தான் ஸோம்பி. அங்கே மக்கள் ஸோம்பிக்குப் பயப்படவில்லை, தாங்கள் ஸோம்பியாகிவிடுவோமோ என்றுதான் பயந்தார்கள். 1791இல் கிளர்ந்தெழுந்து 1804இல் விடுதலை பெற்ற பின்னரும் அந்தக் கதை அவர்களை விட்டுப் போகவில்லை. 1932இல் அமெரிக்காவில் சிறு செலவில் எடுத்த 'வைட் ஸோம்பி' படத்தில் கரும்பாலை ஒன்றில் ஸோம்பிகள் இயந்திரத்தைச் சுற்றி வேலை செய்யும் காட்சி உண்டு. ஒருவன் தவறி இயந்திரத்துக்குள் விழுகிறான். மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் தொடர்ந்து சுற்றுகிறார்கள். இதைச் சொன்னபோது, காமென்ட்டில் வேலை செய்துவிட்டு வந்த ஒரு தங்கச்சி "அக்கா, இது எங்கட லைன் மாதிரி" என்றாள்.

இன்று நாம் காணும் கடிக்கிற ஸோம்பியை உருவாக்கியவர் ஜோர்ஜ் ரொமேரோ. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே நண்பர்களிடம் காசு சேர்த்து, 1968இல் வெளிவந்த 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தார். செலவு ஏறக்குறைய 114,000 டொலர். சினிமாவுக்கு அது மிகச் சொற்பம். இரத்தத்துக்குச் சொக்லேட் பாணியை ஊற்றினார்கள், ஊர்ச் சனங்களே பிணமாக நடித்தார்கள். விநியோகத்தின்போது படத்தின் பெயரை மாற்றியதில் உரிமைக் குறிப்பு விடுபட்டுப்போக, அந்தப் படம் யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்தாகியது. யார் வேண்டுமானாலும் போட்டுக் காட்டலாம் என்றாகிவிட்டதால் உலகம் முழுக்கப் பரவியது. காசில்லாதவர்கள் முதற்படம் எடுக்க ஸோம்பிக் கதையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமும் விளங்குகிறது. ஒரு வீடு, ஓர் இரவு, முகத்தில் பூச மா, கிழிந்த உடுப்பு. பெரிய நடிகர் தேவையில்லை.

அந்தப் படத்தின் முடிவை எங்கள் பெண்களுக்குச் சொல்வதா விடுவதா என்று யோசித்துவிட்டுச் சொன்னேன். வீட்டுக்குள் அடைபட்டவர்களில் கறுப்பின இளைஞன் ஒருவன் மட்டும் இரவு முழுதும் போராடி உயிர் தப்புகிறான். விடிந்ததும் துப்பாக்கிகளோடு ஊர்க்காவல் கூட்டம் வருகிறது. சத்தம் கேட்டு அவன் யன்னலால் எட்டிப் பார்க்கிறான். தூரத்தில் நின்றவர்கள் அவனையும் பிணமென்று எண்ணிச் சுட்டுவிடுகிறார்கள். நான் சொல்லி முடித்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் எழுந்து தேநீர் ஊற்றப் போனார்.

சரி, தமிழுக்கு வருவோம். 2016 பெப்ரவரியில் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கி ஜெயம் ரவி நடித்த 'மிருதன்' வந்தது. தமிழின் முதல் ஸோம்பிப் படம் என்று விளம்பரம் செய்தார்கள். அது நகைச்சுவைப் படமல்ல, குறைந்த செலவுப் படமும் அல்ல. 2019 செப்டெம்பரில் யோகி பாபு, யாஷிகா ஆனந்த், யூடியூப்பில் பெயர் பெற்ற கோபி, சுதாகர் ஆகியோர் நடித்த 'ஸோம்பி' வந்தது. இதுதான் நான் சொல்லும் வகை. ஒரு விடுமுறை விடுதிக்குள் மாட்டிக்கொண்டவர்கள், வெளியே போகும் வழியெல்லாம் பிணங்கள், இடைவிடாத பகிடி. விமர்சகர்கள் பெரிதாகப் பாராட்டவில்லை. எங்கள் மண்டபமும் இரண்டாகப் பிரிந்துதான் பார்த்தது.

பிள்ளைகளுக்குப் பிடித்ததற்குக் காரணம் படம் நன்றாக இருந்தது அல்ல, நன்றாக இல்லாததுதான். பிணத்தின் முகத்தில் பூசியிருப்பது என்ன மா என்று பந்தயம் கட்டினார்கள். செத்தவன் ஒருவன் விழும்போது கையை ஊன்றி மெதுவாக விழுந்தால், "பாவம், முழங்கால் வருத்தம்" என்றார்கள். பயப்படச் சொல்லும் ஒன்று தன் ஒட்டுவேலையைத் தானே காட்டிக்கொடுக்கும்போது வரும் சிரிப்பு அது. பயங்கரம் என்பதும் யாரோ செய்த வேலைதான், அதற்கும் தையல் பிரியும் என்று தெரியும்போது உடம்பு இலேசாகிவிடுகிறது. செலவழித்துத் தத்ரூபமாக எடுத்த படத்தில் இந்தச் சுகம் இல்லை. மலிவான படத்தின் பெருமை இது என்றே நான் நினைக்கிறேன்.

பிடிக்காததும் உண்டு. இவ்வகைப் படங்களில் பகிடி என்றால் மனைவியைக் கேலி செய்வது, நிறத்தையும் தோற்றத்தையும் கேலி செய்வது, பெண் பாத்திரத்துக்கு உடுப்பைத் தவிர வேறொன்றும் கொடுக்காமல் விடுவது. மலிவு என்பது காசில் இருக்கலாம், நாக்கில் இருக்கத் தேவையில்லை. 'காஞ்சனா'விலும் இந்தக் குறை இல்லாமலில்லை. ஆனாலும் அதில் கேலிக்கு உள்ளாகும் திருநங்கைதான் கடைசியில் நியாயம் கேட்கிறாள்.

இரண்டு மாதம் கழித்து 'மிருதன்' போட்டபோதுதான் விஷயம் வேறுவிதமாகப் போனது. ஊட்டியில் ஒரு நாய் இரசாயனக் கழிவைக் குடித்து, அதிலிருந்து நோய் பரவுகிறது. கதாநாயகன் போக்குவரத்துப் பொலிஸ்காரன். பிணங்கள் கூட்டம் கூட்டமாக வர, அவன் தலையைக் குறிபார்த்துச் சுடுகிறான். பிள்ளைகள் விசிலடித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்து வெளியே போய்ப் படியில் இருந்தார். நான் பின்னால் போனேன். அழவில்லை. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னகா, பயமா?" என்று கேட்டேன்.

"பயமில்ல புள்ள. நாங்களும் அப்பிடித்தானே வந்த?"

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் 2006ஆம் ஆண்டைச் சொன்னார். ஓகஸ்டில் மூதூர்ப் பக்கத்துச் சனங்கள் வாகரைக்கு இடம்பெயர்ந்து வந்தார்கள். நவம்பர் 8ஆம் திகதி அவர்கள் தங்கியிருந்த கதிரவெளிப் பாடசாலையில் ஷெல் விழுந்தது. அதன் பின் வாகரைப் பிரதேசமே காட்டு வழியாகவும் களப்பைக் கடந்தும் தெற்கே வாழைச்சேனைப் பக்கம் நடந்தது. நாள் கணக்காகக் குளிக்காமல், உடுப்புக் கிழிந்து, சேறு காய்ந்து, காயத்தோடு காலை இழுத்து இழுத்து, பேசத் தெம்பில்லாமல் கூட்டமாக வந்தவர்கள் நாங்கள். எதிரே துப்பாக்கியோடு நின்றவர்களுக்கு எங்கள் முகம் தெரிந்திருக்காது. "அங்கால நிண்டவங்களுக்கு நாங்க என்ன மாதிரி இருந்திருப்பம்?" என்று அவர் கேட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் படங்களில் என்னை நெருடியது எதுவென்று அவர் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார். ஸோம்பிப் படம் எப்போதும் பூட்டிய கதவுக்கு உள்ளே இருப்பவர்களின் கதை. வெளியே நடந்து வருபவர்களுக்குப் பெயரில்லை, ஊரில்லை, நேற்று என்று ஒன்றில்லை. அவர்களைச் சுடுவதில் குற்றமில்லை, எண்ணிக்கை கூடினால் கைதட்டல். எங்கள் பேய் அப்படியல்ல. அது கதையோடு வரும். காட்டேறியானாலும் கொத்தியானாலும் யார் நீ, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பதுதான் ஊர்வழக்கம். பேயாட வைத்து அதைப் பேச வைப்பார்கள். விக்கிரமாதித்தன் கதையில் மரத்தில் தொங்கும் பிணத்துக்குள் இருக்கும் வேதாளம்கூட வாய் ஓயாமல் கதை சொல்லி, கடைசியில் நியாயம் கேட்கிறது. செத்த உடம்புக்குப் பேச்சு உண்டு என்பதுதான் நாம் கேட்டு வளர்ந்த கதை.

இதற்கு மாறான உதாரணமும் எங்களிடமே இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. செயங்கொண்டார் பாடிய 'கலிங்கத்துப் பரணி' தமிழின் மிகப் பழைய திகில் நகைச்சுவைகளில் ஒன்று என்றால் பண்டிதர்கள் கோபிக்கக்கூடும். குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற பின், பட்டினி கிடந்த பேய்கள் போர்க்களத்துக்கு வருகின்றன. யானைக் கொம்பால் பல் விளக்குகின்றன. குருதியிலும் தசையிலும் கூழ் காய்ச்சி, குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் பங்கு வைத்து உண்டு, சோழனை வாழ்த்துகின்றன. வாசிக்கும்போது சிரிப்பு வருகிறது. கூழானவன் கலிங்கத்தில் எந்த ஊர், அவனுக்காகக் காத்திருந்தவள் யார் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. வென்றவன் வாசலில் பாடிய பாட்டு அது. தோற்ற ஊர்ப் பெண்கள் அதைக் கேட்டிருந்தால் எந்த இடத்தில் எழுந்து போய்ப் படியில் இருந்திருப்பார்கள் என்று நான் இப்போது யோசிக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் இதை எல்லோருமாகப் பேசினோம். இனி இந்தப் படங்கள் வேண்டாம் என்று முடிவெடுப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை. கணவர் காணாமலாக்கப்பட்ட ஒரு சகோதரி எழுந்து பேசினார். இறந்தவர் என்று பதியாமல், காணாமற்போனவர் என்றே சான்றிதழ் பெறும் வழி 2016இல் வந்த சட்டத் திருத்தத்தால் கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் அதற்காக அலைந்துகொண்டிருப்பவர். "எண்ட மனிசனும் சொம்பிதான்கா. செத்ததெண்டும் கடுதாசி இல்ல, இருக்கிறதெண்டும் கடுதாசி இல்ல. ஆனா எப்ப வந்தாலும் நான் கதவு திறப்பன்" என்றார். சொல்லிவிட்டு அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு நாங்களும் சிரித்தோம். இதே பகிடியை வெளியார் ஒருவர் சொல்லியிருந்தால் மண்டபத்தை விட்டு நடக்க விட்டிருக்க மாட்டோம்.

எனவே சில ஒழுங்குகளைச் செய்துகொண்டோம். படம் போடும் முன் கதையைச் சொல்லிவிடுவது, முன்கதவைப் பூட்டாமல் விடுவது, பின்பக்க விளக்கை அணைக்காமல் விடுவது, எழுந்து போகிறவரை ஏன் என்று கேட்காமல் ஒருவர் கூடப் போய் இருப்பது. ஷெல் சத்தமும் ஹெலிச் சத்தமும் வரும் இடங்களில் ஒலியைக் குறைக்கும் பொறுப்பு ஒரு பிள்ளைக்கு.

கடைசியாக நான் அவர்களுக்குக் காட்டியது ஜப்பானியப் படம். ஷின்இச்சிரோ உவெடா இயக்கி 2017இல் வந்த அதன் ஆங்கிலப் பெயர் 'வன் கட் ஒஃப் த டெட்'. வெறும் 30 இலட்சம் யென் செலவில் எடுத்து, அதைப் போல் ஆயிரம் மடங்கு வசூலித்தார்கள். முதல் 37 நிமிடம் ஒரே மூச்சில் எடுத்த ஒரு படுமோசமான ஸோம்பிப் படம். எங்கள் ஆட்கள் கொட்டாவி விட்டார்கள். பிறகுதான் அந்த மோசமான படத்தை எடுத்தவர்களின் கதை தொடங்குகிறது. குடித்துவிட்டு விழுந்துவிட்ட நடிகன், வராமல்போனவர்களுக்குப் பதிலாக நடிக்க வந்த இயக்குனர், அவர் மனைவி, பின்னால் நின்று எல்லாவற்றையும் சமாளிக்கும் மகள். முன்பாதியில் நாம் பிழை என்று சிரித்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒருவர் ஓடி ஓடி வேலை செய்திருக்கிறார். உயரத்திலிருந்து எடுக்க வேண்டிய கடைசிக் காட்சிக்கு வைத்திருந்த கருவி உடைந்துபோக, எல்லோரும் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறிக் கோபுரமாக நிற்கிறார்கள். வசனத்தை நான் தமிழில் சொல்லச் சொல்லத்தான் பார்த்தார்கள், இருந்தும் அன்றைய சிரிப்பைப் போல் அந்த மண்டபத்தில் நான் முன்பு கேட்டதில்லை. பிணமாக நடித்தவர்களுக்கெல்லாம் அதில் ஆளுக்கொரு கதை இருந்தது.

அதன் விளைவு, இப்போது எங்கள் பிள்ளைகள் ஒரு கைத்தொலைபேசியோடு களப்போரக் கண்டல்களுக்குள் திரிகிறார்கள். பத்து நிமிடப் படமாம். செத்தவள் ஒருத்தி எழும்பி ஊருக்கு வருகிறாள். கதை அதற்கு மேல் நகரவில்லை. வருபவளுக்கு முதலில் ஒரு பெயர் வையுங்கள், அவள் எந்த வளவுக்காரி என்று சொல்லுங்கள், அதற்குப் பிறகுதான் நடிப்பேன் என்று பெரியம்மா பிடிவாதமாக இருக்கிறார். பெயர் இன்னும் முடிவாகவில்லை. இரத்தத்துக்குச் சொக்லேட் பாணி கட்டுபடியாகாது என்பதால் பீற்றூட்டா செவ்வரத்தம் பூவா என்ற சண்டையும் நடந்துகொண்டிருக்கிறது. நான் பீற்றூட் பக்கம். செவ்வரத்தை அவித்தால் நீலம் பாயும்.